மென்படலத்தின் விறைப்பைக் குவார்ட்ஸ் படிகம் சொல்லுமா? ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறது

பாலாற்று மணல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் வேலூரில் தோல் மேற்பூச்சுகளைப் பற்றி ஆய்வு செய்துவரும் மாணவி. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் டேனரிகளில் டாப் கோட்டாக அடிக்கப்படும் நீர்வழிப் பாலியூரித்தேன் பைண்டர்களில் (உலர்ந்ததும் படலமாகும் பிசின்கள்) இரண்டை எடுத்துக்கொண்டு, அவற்றின் படலம் எவ்வளவு மென்மையானது, எவ்வளவு விறைப்பானது என்று அளந்து ஒப்பிடுவதே இப்போதைய வேலை. கையால் தொட்டாலே இரண்டும் வேறு என்று தெரியும். ‘அ’ ரப்பர்போல் இழுபடும். ‘ஆ’ மடித்தால் காகிதம்போல் மடிப்புக் காட்டும்.

எங்கள் துறையில் 5 மெகாஹெர்ட்ஸில் அதிரும் குவார்ட்ஸ் படிகங்களை வைத்து அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது; படிகத்தின்மேல் ஏதேனும் படிந்தால் அதிர்வெண் இறங்கும். 1 அங்குல விட்டமுள்ள, தங்கமுலாம் பூசிய படிகத்தின்மேல் பைண்டரை நீர்த்துச் சுழல்பூச்சு முறையில் பரப்பி, 60 டிகிரியில் உலர்த்தி, காற்றிலேயே வைத்து அளந்தேன். படிகம் 5 மெகாஹெர்ட்ஸின் ஒற்றைப்படை மடங்குகளிலும் அதிரும்; இவையே சீரிசைகள் (மூன்றாவது 15, ஐந்தாவது 25 மெகாஹெர்ட்ஸ்). ‘அ’ படலத்துக்கு அதிர்வெண் இறக்கத்தைச் சீரிசை எண்ணால் வகுத்தபோது, மூன்றாம் சீரிசையில் 890 ஹெர்ட்ஸும் ஐந்தாம் சீரிசையில் 892 ஹெர்ட்ஸும் கிடைத்தன. அதிர்வின் ஆற்றல் இழப்பைக் காட்டும் ஒத்ததிர்வு முகட்டின் அரை அகலம், வெற்றுப் படிகத்தில் இருந்ததைவிட 2 முதல் 4 ஹெர்ட்ஸ் வரை கூடியிருந்தது. இவற்றை மென்பொருளில் கொடுத்தால் விறைப்புக் குணகம் ஒரு நாள் 8 மெகாபாஸ்கல் என்றும், அதே படிகத்தைக் கழற்றி மாட்டி அளந்த மறுநாள் 3 கிகாபாஸ்கல் என்றும் வருகிறது. ‘ஆ’ படலத்திலும் இதே கூத்துதான். படலம் மெல்லியதாக இருப்பதால்தான் இப்படியோ என்று ஒரு சொட்டை அப்படியே விட்டு உலர்த்தியபோது, முகடே காணாமல் போய்விட்டது. அந்தப் படலம் 8 மைக்ரான் அளவுக்கு இருந்திருக்கலாம்.

பழுது கருவியிலா, படலத்திலா, என் கணக்கிலா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

காட்பாடி வாத்தியார்

அம்மா, கருவியில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் கொடுத்த எண்களே விடையைச் சொல்கின்றன. ஆனால் அது நீங்கள் கேட்ட கேள்விக்கான விடை அன்று.

முதலில் நிறையைப் பார்ப்போம். சாவர்பிரே 1959இல் கொடுத்த சமன்பாட்டின்படி, 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் 1 ஹெர்ட்ஸ் இறக்கம் என்பது சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம் நிறை. 890 ஹெர்ட்ஸ் என்றால் ஏறத்தாழ 15.75 மைக்ரோகிராம், அடர்த்தியை 1.05 என்று வைத்தால் உங்கள் படலம் 0.15 மைக்ரான் தடிமன் கொண்டது. அடியிலுள்ள படிகமோ மூன்றில் ஒரு மில்லிமீட்டர் தடிமன். இவ்வளவு மெல்லிய படலத்தைக் காற்றில் வைத்துக் கேட்டால் அது தன் எடையை மட்டும்தான் சொல்லும்.

காரணத்தை ஒரு தாம்பாளத்தை வைத்து விளக்கலாம். தாம்பாளத்தில் அல்வாவை மெல்லியதாக வழித்துவிட்டுப் பக்கவாட்டில் ஆட்டினால், அல்வா முழுவதும் தாம்பாளத்தோடு சேர்ந்தே ஆடும். அது இளம்பதமா முற்றிய பதமா என்பது ஆட்டுகிற கைக்குத் தெரியாது, எடை கூடியது மட்டும் தெரியும். அதையே உயரமாகக் குவித்துவைத்து ஆட்டினால் அடி முன்னால் போகும், நுனி பின்தங்கும், குவியல் குலுங்கும்; பதம் அப்போதுதான் வெளிப்படும். குவார்ட்ஸ் படிகத்தின் முகமும் இப்படிப் பக்கவாட்டில்தான் நழுவி அதிர்கிறது. காற்றைத் தொடும் படலத்தின் மேல்முகத்தைப் பிடித்து இழுப்பவர் யாரும் இல்லை. ஆகவே படலம் உருக்குலைய வேண்டுமானால் தன் சொந்த நிலைமத்தாலேயே உருக்குலைய வேண்டும், அதற்குத் தடிமன் வேண்டும்.

கணக்கில் இது தடிமனின் மூன்றாம் படியாக வருகிறது. நிறையால் வரும் இறக்கம் தடிமனுக்கு நேர்விகிதத்தில் இருக்க, விறைப்பால் வரும் திருத்தம் தடிமனின் மூன்றாம் படிக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. ஓர் எடுத்துக்காட்டாக, 15 மெகாஹெர்ட்ஸில் உங்கள் ‘அ’ படலத்தின் குணகம் 50 மெகாபாஸ்கல், கட்டக் கோணம் (0 என்றால் முழு மீள்பொருள், 90 என்றால் முழுத் திரவம்) 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 0.15 மைக்ரான் தடிமனில், மூன்றாம் ஐந்தாம் சீரிசைகளுக்கு இடையே எதிர்பார்க்க வேண்டிய வேறுபாடு 890இல் வெறும் ஒன்றரை ஹெர்ட்ஸ். அரை அகலத்தின் உயர்வு 2 ஹெர்ட்ஸுக்கும் சற்றுக் குறைவு. படிகத்தைக் கழற்றி மாட்டினாலே அதைவிட அதிகம் நகரும். மென்பொருள் அந்த இரைச்சலை எடுத்துக்கொண்டு, கேட்டதற்கு மரியாதையாக ஒரு குணகத்தைக் கொடுத்துவிட்டது. ‘தெரியாது’ என்று சொல்லும் பழக்கம் மென்பொருள்களுக்கு இன்னும் வரவில்லை.

இனி 8 மைக்ரான் கதை. அதே 50 மெகாபாஸ்கல் படலத்தில் குறுக்கலையின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 225 மீட்டர். 15 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 15 மைக்ரான். படலத்தின் தடிமன் அலைநீளத்தில் கால் பங்கை, அதாவது 3.75 மைக்ரானை நெருங்கும்போது படலமே தனியாக ஒத்ததிர ஆரம்பித்து, படிகத்தின் ஆற்றலை விழுங்கிவிடும். அதன் பக்கத்தில் முகடு அகன்று, தணிந்து, தரையோடு தரையாகிவிடும். உங்கள் சொட்டு அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. போதாக்குறைக்கு, சொட்டாக உலர்ந்த படலம் நடுவிலும் ஓரத்திலும் ஒரே தடிமனாக இருக்காது, ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு விதமாக இழுத்திருக்கும்.

எனவே இரண்டுக்கும் நடுவில் நில்லுங்கள். 0.8 மைக்ரான் படலம் செய்து பாருங்கள். தடிமன் 5.3 மடங்கு ஏறினால் அதன் மூன்றாம் படி 150 மடங்கு ஏறும். 2 ஹெர்ட்ஸாக இருந்த அகலம் 300 ஹெர்ட்ஸாகும், ஒன்றரை ஹெர்ட்ஸாக இருந்த வேறுபாடு 240 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். கழற்றி மாட்டும் பிழை அதில் காணாமல் போகும்.

உங்களுக்குத் தெரியாதவை மூன்று: படலத்தின் பரப்பளவு நிறை, குணகத்தின் அளவு, கட்டக் கோணம். ஆகவே மூன்று அளவுகள் வேண்டும். மூன்றாம் சீரிசையின் அதிர்வெண், ஐந்தாம் சீரிசையின் அதிர்வெண், மூன்றாம் சீரிசையின் அரை அகலம் ஆகியவை போதும். குணகம் 15இலிருந்து 25 மெகாஹெர்ட்ஸுக்குச் செல்லும்போது சற்றே ஏறும். அந்த ஏற்றத்தை, கட்டக் கோணத்தைத் தொண்ணூறால் வகுத்தால் வரும் அடுக்கைக் கொண்டு கணிப்பது வழக்கம். ஐந்தாம் சீரிசையின் அரை அகலத்தைக் கணக்கில் சேர்க்காமல் தனியே எடுத்துவையுங்கள். தீர்வு கிடைத்தபின் அதை முன்கணித்து, அளந்ததோடு ஒப்பிட்டால், அது சாட்சி சொல்லும். சாட்சி பொருந்தாவிட்டால் குணகத்தை எழுதாதீர்கள்.

உங்கள் கருவி அகலத்துக்குப் பதிலாகச் சிதைவு எண் கொடுக்கும் வகையாக இருந்தால் குழம்ப வேண்டாம். அரை அகலத்தை இரண்டால் பெருக்கி, அந்தச் சீரிசையின் அதிர்வெண்ணால் வகுத்தால் அதுதான். 15 மெகாஹெர்ட்ஸில் 300 ஹெர்ட்ஸ் என்பது 10 லட்சத்தில் 40.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இதே மெல்லிய படலத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் கதை மாறும். அங்கே மேல்முகத்தைத் தண்ணீர் பிடித்து இழுக்கிறது; ஆகவே 0.15 மைக்ரானிலேயே மென்மையின் சுவடு தெரியும். ஆனால் தண்ணீரே 5 மெகாஹெர்ட்ஸில் 700 ஹெர்ட்ஸுக்கு மேல் இறக்கத்தைத் தானாகக் கொடுக்கும் (கனசாவாவும் கோர்டனும் 1985இல் காட்டிய கணக்கு இது), அதோடு பாலியூரித்தேன் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். உலர்ந்த மேற்பூச்சின் விறைப்புத்தான் வேண்டும் என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ராணிப்பேட்டை பினிஷர்

வாத்தியார் ஐயா எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. 20 ஆண்டுகளுக்கு மேலாகப் பினிஷிங் பிரிவில் ரசாயனம் கலந்துவருகிறவன் என்ற முறையில், வேறொரு பக்கத்திலிருந்து எச்சரிக்கை ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

சகோதரி, ‘அ’ ரப்பர்போல இழுபடும், ‘ஆ’ மடிப்புக் காட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது கையின் அளவீடு. நாங்கள் ஸ்ப்ரே அடித்து, பிளேட்டிங் (சூடான தகட்டால் அழுத்துவது) முடிந்து வரும் தோலை நான்காக மடித்து, மடிப்பின் முனையைக் கட்டைவிரலால் அழுத்தி, பிரித்துப் பார்க்கும்போது அதற்கு ஒரு விநாடி ஆகிறது. தோலை மடித்து மடித்துச் சோதிக்கும் பிளெக்ஸோமீட்டரில் மாட்டிய துண்டும் விநாடிக்கு ஓரிரு மடிப்புத்தான் மடியும். உங்கள் படிகமோ ஒரு விநாடியில் ஒன்றரைக் கோடி முறை ஆட்டுகிறது. இரண்டுக்கும் இடையே ஏழு பதின்மடங்கு (பத்தை ஏழு முறை பெருக்கிய அளவு, ஒரு கோடி மடங்கு) தூரம் இருக்கிறது.

இந்தத் தூரம் பாலிமருக்கு வெப்பநிலைபோலத்தான். மெதுவாக இழுத்தால் நெகிழும் பொருள், சட்டென்று தட்டினால் குளிர்ந்ததுபோல விறைக்கும். வில்லியம்ஸ், லேண்டல், பெர்ரி மூவரும் 1955இல் கொடுத்த சமன்பாட்டில், எல்லாப் பாலிமருக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும் 17.44, 51.6 என்ற மாறிலிகளைப் போட்டுப் பாருங்கள். ஏழு பதின்மடங்குக்கு ஏறத்தாழ 35 டிகிரி நகர்வு வரும். மெதுவான சோதனையில் கண்ணாடி நிலை மாற்றம் (கண்ணாடிபோல் விறைத்திருந்தது இளகுவது) 0 டிகிரியில் நிகழும் ஒரு பைண்டர், உங்கள் படிகத்துக்கு 35 டிகிரியில்தான் இளகத் தொடங்கும். 35 டிகிரி என்பது வேறெதுவும் இல்லை, நம் ஊரில் மே மாதத்து அறையின் வெப்பநிலை! பைண்டருக்குப் பைண்டர் இந்த மாறிலிகள் மாறும் என்பதால் 35 என்ற எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திசையையும் அளவையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ‘அ’வும் ‘ஆ’வும் கையில் காட்டும் வேறுபாட்டைப் படிகம் அதே விகிதத்தில் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கையில் 50 மடங்காக இருப்பது அங்கே 10 மடங்காகச் சுருங்கலாம். அப்படிச் சுருங்கினால் அளவீடு பொய் என்றாகாது. எனக்கு அதில் பயன்படுவது குணகத்தைவிடக் கட்டக் கோணம்தான். அதைப் பல வெப்பநிலைகளில் எடுத்து, எந்த வெப்பநிலையில் உச்சத்துக்குப் போகிறது என்று காட்டினால், இந்தப் பைண்டர் மார்கழிக் குளிரில் விரிசல் விடுமா என்று நான் ஊகிக்க அது உதவும். மெதுவான பக்கத்துக்கு, பைண்டரைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி உரித்தெடுத்த தனிப் படலத்தை இழுவைச் சோதனையில் போட்டு எடுத்த எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். அந்த எண் இல்லாமல் டேனரிக்காரர் யாரும் உங்கள் அறிக்கையைக் கையில் எடுக்க மாட்டார்.

ஒரு சந்தேகமும் உண்டு. நீர்வழிப் பைண்டர் என்பது தண்ணீரில் மிதக்கும் துகள்கள். அவை ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்தால்தான் படலம். ‘ஆ’ போன்ற கடினமான பைண்டர் 60 டிகிரியில் முழுதாகச் சேர்ந்ததா என்று பார்த்தீர்களா? வெள்ளையாக மங்கல் தெரிந்தால் சேரவில்லை என்று பொருள். அப்படியிருந்தால் நீங்கள் அளப்பது படலத்தை அல்ல, ஒட்டிக்கொண்ட மணல்மேட்டை.

கோட்டை அகழி

மேடம், நான் ஆய்வுக்கூட உதவியாளன். கருவியைப் பராமரிப்பதும் படிகங்களைக் கழுவுவதும்தான் என் வேலை. கோட்பாட்டுக்குள் போக மாட்டேன்.

முதல் சீரிசையை, அதாவது 5 மெகாஹெர்ட்ஸைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் அதிர்வு படிகத்தின் ஓரம்வரை பரவுவதால், தாங்கியின் ரப்பர் வளையம் எவ்வளவு அழுத்துகிறது என்பதையும் சேர்த்தே அளக்கும். மூன்றாவதிலிருந்து அதிர்வு நடுவில் அடங்கிவிடும். இதையும் மீறிப் பிழை வராமலிருக்க, வெற்றுப் படிகத்தை எந்தத் தாங்கியில், எந்தப் பக்கம் மேலாக, எந்த வெப்பநிலையில் அளந்தீர்களோ, பூச்சு முடிந்ததும் அதே தாங்கியில், அதே பக்கம், அதே வெப்பநிலையில் அளக்க வேண்டும். ஒவ்வொரு படிகத்தையும் பூசுவதற்கு முன் மூன்று முறை கழற்றி மாட்டி அளந்து, எவ்வளவு நகர்கிறது என்று நோட்டில் எழுதிவையுங்கள். அந்த எண் உங்கள் பிழை. மென்பொருள் காட்டும் பிழையை நம்ப வேண்டாம்.

சுழற்றும்போது பைண்டர் படிகத்தின் பின்பக்கம் வழிந்துவிடும். பார்வைக்குத் தெரியாது. தண்ணீரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் பின்பக்க மின்முனையை உலர்வதற்கு முன்பே துடைத்துவிட வேண்டும். உலர்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. தங்கத்தின்மேல் பைண்டர் திட்டுத்திட்டாக ஒதுங்கினால், பூசுவதற்குச் சற்றுமுன் புற ஊதா ஓசோன் அறையில் 10 நிமிடம் வைத்து எடுங்கள், சமமாகப் படியும்.

இங்கே இருந்த ஒருவருக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். அக்னி நட்சத்திர நாட்களில் மாலை 5 மணிக்கு ஏசியை அணைத்துவிட்டுப் போவார்கள். இரவெல்லாம் ஓடிய அளவீட்டில் படலத்தின் அகலம் மெல்ல மெல்ல ஏறியதைப் பார்த்து, படலம் மூப்படைகிறது என்று பாதிக் கட்டுரை எழுதிவிட்டார். காலையில் ஏசி ஓடியதும் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அதன்பிறகு படிகத் தாங்கிக்குத் தனியாக நீர்ச்சுற்று வைத்தோம்.

ஈரப்பதமும் அப்படித்தான். உங்கள் 0.8 மைக்ரான் படலம் 1 விழுக்காடு தண்ணீரை இழுத்தாலே, சீரிசை எண்ணால் வகுத்த இறக்கம் 47 ஹெர்ட்ஸ் கூடும். அது வெறும் எடை. தண்ணீர் படலத்தை இளக்கி மென்மையாக்குவது தனிக் கணக்கு. உலர்ந்த நைட்ரஜனை மெதுவாக ஓடவிடுங்கள். ஈரத்தில் அளக்கத்தான் வேண்டும் என்றால் மூடிய பெட்டிக்குள் பூரித உப்புக் கரைசலை (இனிமேல் கரையாத அளவுக்கு உப்பு போட்டது) வைத்துவிடுங்கள்: 25 டிகிரியில் மெக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டிலும், சாப்பாட்டு உப்பு 75 விழுக்காட்டிலும் ஈரப்பதத்தைப் பிடித்து நிறுத்தும். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாது.

பாலாற்று மணல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடி செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

பைண்டரை நீர்க்காமல், சுழல்வேகத்தை மட்டும் குறைத்து ‘அ’ படலத்தை 0.8 மைக்ரானுக்குக் கொண்டுவந்தேன். உலர்ந்த நைட்ரஜனில் 27 டிகிரியில் நிறுத்தி அளந்தபோது, சீரிசை எண்ணால் வகுத்த இறக்கம் மூன்றாவதில் 4915 ஹெர்ட்ஸ், ஐந்தாவதில் 5155 ஹெர்ட்ஸ். மூன்றாவதன் அரை அகலம் 305 ஹெர்ட்ஸ் கூடியது. இந்த மூன்றையும் கொண்டு தீர்த்ததில் குணகம் 50 மெகாபாஸ்கல் பக்கம், கட்டக் கோணம் 30 டிகிரி பக்கம் வருகிறது. வாத்தியார் ஐயா எடுத்துக்காட்டாக வைத்த எண்களே வந்துவிட்டதைக் கண்டு முதலில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனால் மூன்று தனித்தனிப் படிகங்களில் 46க்கும் 55க்கும் இடையில்தான் நிற்கிறது. சாட்சியாக ஒதுக்கிவைத்த ஐந்தாம் சீரிசையின் அகலமும் முன்கணிப்பை ஒட்டி 1350 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. கழற்றி மாட்டினால் என் படிகங்கள் 5 ஹெர்ட்ஸ் வரை நகர்கின்றன என்பதையும் நோட்டில் குறித்துவிட்டேன்; முதல் பதிவில் நான் 2 ஹெர்ட்ஸை நம்பிக் குணகம் கணக்கிட்டதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சிக்கல் ‘ஆ’வில் இருக்கிறது. பினிஷர் அண்ணன் சந்தேகப்பட்டது சரிதான்: ஓரங்களில் மங்கல் இருந்தது. 90 டிகிரியில் மறுபடி உலர்த்தியதும் தெளிந்துவிட்டது. அதன்பிறகு அதே 0.8 மைக்ரானில் 4770, 4800 ஹெர்ட்ஸ் கிடைக்கின்றன, அகலம் 24 ஹெர்ட்ஸ்தான். 400 மெகாபாஸ்கல் என்று ஒரு விடை வருகிறது, ஆனால் 30 ஹெர்ட்ஸ் வேறுபாட்டில் 5 ஹெர்ட்ஸ் பிழை என்பது ஆறில் ஒரு பங்கு. இந்தப் படலத்துக்கும் தடிமனை ஏற்ற வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன், எவ்வளவு என்றுதான் தெரியவில்லை.

காட்பாடி வாத்தியார்

சரியாகப் பிடித்துவிட்டீர்கள். தடிமனை அலைநீளத்தோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். அலைநீளமோ குணகத்தின் வர்க்கமூலத்தோடு நீளும். குணகம் 8 மடங்கு என்றால் வர்க்கமூலம் 2.8. எனவே ‘அ’வுக்கு 0.8 மைக்ரான் எப்படியோ, ‘ஆ’வுக்கு 2.3 மைக்ரான் அப்படி. ஒரே சுற்றில் அந்தத் தடிமன் வராது. இரண்டு மூன்று பூச்சாகப் பூசினால் ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் முழுதாக உலர்த்துங்கள், முந்தையது கரையாமல் இருக்கிறதா என்று அதிர்வெண்ணைக் கொண்டே சரிபாருங்கள். இன்னும் விறைப்பான மேற்பூச்சான நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கு நாளை போவீர்களானால் அங்கே குணகம் 1 கிகாபாஸ்கலுக்கு மேல் இருக்கும், 3.5 மைக்ரானிலிருந்து தொடங்குங்கள்.

பாலாற்று மணல்

புரிந்தது ஐயா. நாளை காலை மூன்று படிகங்களில் 2.3 மைக்ரானுக்குப் பூசுகிறேன். பின்பக்கத்தைத் துடைக்கப் பஞ்சுக்குச்சி வாங்கி வைத்தாயிற்று.